வேலை போன மறுநாள் உங்கள் அனுமதி என்ன சொல்லும்?

வேலை நியமனக் கடிதம் வந்ததும் கண் முதலில் சம்பள வரிக்குப் போகும். அடுத்து, வேலையில் சேர வேண்டிய தேதிக்கு. கடைசிப் பக்கத்தின் அடியில் 'தேவையான வதிவிட அனுமதியை நிறுவனம் ஏற்பாடு செய்யும்' என்று ஒரு வரி இருக்கும். அதை நன்றியோடு படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எந்த அனுமதி என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை.

2016-ல் மென்பொருள் பொறியாளராக ஜெர்மனிக்கு வந்தேன். சம்பளம் ஆண்டுக்கு 42,000 யூரோ. புளூ கார்டு என்பது உயர்திறன் பணியாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் பணி, வதிவிட அனுமதி. அதைப் பெற, ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு அந்த ஆண்டு இருந்த சம்பள வரம்பு 38,688 யூரோ. என் பட்டமும் அங்கீகாரம் பெற்றதுதான். தகுதி எல்லாம் இருந்தும், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு தன் வழக்கப்படி சாதாரணப் பணி அனுமதிக்கு விண்ணப்பித்தது. அட்டை கைக்கு வந்தபோது இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோது தெரிந்துகொண்டேன். என் அனுமதித் தாளில் முதல் நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. மாறுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்காக வாரக்கணக்கில் காத்திருந்தேன். அழைத்த நிறுவனம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

என்னோடு அதே மாதத்தில் புளூ கார்டில் வந்த நண்பர் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு எழுதி, 21 மாதங்களில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றார். எனக்கு அன்றைய விதிப்படி ஐந்து ஆண்டுகள். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை நான்காகக் குறைத்ததால் அந்த ஆண்டில் எனக்கும் கிடைத்தது. ஒரே வேலை, ஒரே தகுதி. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்பதில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியும் நெதர்லாந்தும் உயர்திறன் பணியாளர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அனுமதிகளை வைத்திருக்கின்றன. எது விரைவில் கிடைக்கும், எதற்குத் தாள்கள் குறைவு என்ற கோணத்தில் ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய உண்டு. என் அளவுகோல் வேறு. வேலை போன மறுநாள் காலையில் அந்த அட்டை உங்களுக்கு என்ன உரிமை தருகிறது? எத்தனை நாள் தங்கலாம், யாரைக் கேட்காமல் வேறு வேலையில் சேரலாம், உடன் வந்த துணைவரோ துணைவியோ அன்று வேலைக்குப் போக முடியுமா? நல்ல நாட்களில் எல்லா அனுமதிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஜெர்மனி: ஒரே அலுவலகம், இரண்டு அட்டைகள்

பட்டதாரிக்கு ஜெர்மனியில் இரண்டு வழிகள் உண்டு. வதிவிடச் சட்டத்தின் 18ஜி பிரிவின்கீழ் புளூ கார்டு. 18பி பிரிவின்கீழ் திறனாளர் அனுமதி. புளூ கார்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான ஏற்பாடு. 2009-ல் முதல் நெறிமுறை வந்தது. 2021-ல் வந்த புதிய நெறிமுறை அதன் இடத்தைப் பிடித்தது. உறுப்பு நாடுகள் 2023 நவம்பர் 18-க்குள் அதைத் தம் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. அதே நாளில் ஜெர்மனியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. சம்பள வரம்பும் கணிசமாக இறங்கியது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்நாடுகளில் வேலை கிடைத்தவர்கள் புளூ கார்டைத் தேட வேண்டியதில்லை.

2025-ல் ஜெர்மனியின் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் போன்ற பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்கும் 43,759.80 யூரோ. இந்தத் தொகைகள் ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்கப்படும் ஆண்டுச் சம்பள உச்சவரம்பில் முறையே 50 விழுக்காடு, 45.3 விழுக்காடு என்று கணக்கிடப்படுவதால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் மாறும். 2024-ல் 45,300 யூரோவாக இருந்த பொது வரம்பு இரண்டே ஆண்டுகளில், 2026-ல், 50,700 ஆகிவிட்டது. வரம்பை ஒட்டிய சம்பளத்தில் ஒப்பந்தம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கும்போது அன்றைய வரம்புதான் பார்க்கப்படும். ஆயிரம் யூரோ கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்தான்.

18பி அனுமதிக்கு இப்படிப் பொதுவான வரம்பு கிடையாது. அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும் ஊதியம் உங்களுக்கும் கிடைத்தால் போதும். ஆகவே சம்பளம் வரம்பைத் தொடாதவர்களுக்கு அது நல்ல கதவு. படிப்புக்கு நேரடித் தொடர்பில்லாத வேலையில் சேருபவர்களுக்கும் அதுவே ஏற்றது, ஏனென்றால் புளூ கார்டுக்கு வேலை உங்கள் கல்வித் தகுதிக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். ஆனால் 45 வயதைக் கடந்து முதன்முறையாக வருபவர்களுக்கு இங்கே ஒரு வியப்பான திருப்பம் உண்டு. அவர்களுக்கு 18பி அனுமதியில் ஒரு தனி வரம்பு இருக்கிறது. 2025-ல் அது 53,130 யூரோ. இல்லையென்றால் முதுமைக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும். புளூ கார்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. அதாவது 46 வயதில் 50,000 யூரோ சம்பளத்தில் வந்த ஒருவருக்கு 2025-ல் 'உயர்ந்த' அட்டைதான் எளிதான அட்டை. இது தெரியாமல் 'வயதாகிவிட்டது, புளூ கார்டு கிடைக்காது' என்று விட்டுவிட்டவர்களை நான் அறிவேன்.

பட்டமே இல்லாதவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பத் துறையில் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு உயர்நிலை அனுபவம் இருந்தால், பற்றாக்குறைத் துறை வரம்பிலேயே புளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் உள்ளவர்கள் அனாபின் என்ற தரவுத்தளத்தில் தங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பல்கலைக்கழகம் எச் பிளஸ் என்ற குறியோடு இருந்து, பட்டமும் நிகரானது என்று குறிக்கப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் பான் நகரில் உள்ள மத்திய வெளிநாட்டுக் கல்வி அலுவலகத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். இந்தச் சான்றுக்காகக் கடைசி நேரத்தில் ஓடுபவர்கள் அதிகம். நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் அளவுகோலுக்கு வருவோம். புளூ கார்டு வைத்திருப்பவர் நிறுவனம் மாறப் பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. முதல் 12 மாதங்களுக்குள் மாறினால் மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அந்த மாற்றத்தை 30 நாள் வரை நிறுத்தி வைத்து, நிபந்தனைகள் பொருந்தாவிட்டால் மறுக்கலாம். அதன் பிறகு தடையில்லை. 18பி அனுமதியில், என் தாளில் இருந்ததைப் போல, நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருப்பது வழக்கம். அதை மாற்ற ஒப்புதல் வேண்டும்.

வேலை போனால் இரண்டு அனுமதிக்காரர்களுமே இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பயத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு, மறைக்காதீர்கள். நான்கு வாரத்துக்குள் நிறுவனமும் தெரிவித்தாக வேண்டும் என்பதால் செய்தி எப்படியும் போய்ச் சேரும். புளூ கார்டு வைத்திருந்த காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் மூன்று மாதமும், இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் ஆறு மாதமும் வேலையில்லாமல் இருப்பதை ஐரோப்பிய நெறிமுறையே பொறுத்துக்கொள்கிறது. 18பி அனுமதியில் இந்தக் காலம் பெரும்பாலும் அந்த ஊர் அலுவலகம் வைக்கும் கெடுவைப் பொறுத்தது. நடு இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது, சட்டத்தில் எழுதப்பட்ட ஆறு மாதத்துக்கும் ஓர் அலுவலர் தரக்கூடிய மூன்று மாதத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

இதோடு பலர் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. கடந்த 30 மாதங்களில் 12 மாதம் காப்பீட்டுத் தொகை கட்டியிருந்தால், எந்த அனுமதியாக இருந்தாலும், வேலையின்மைக் காப்பீட்டுப் பணம் கேட்கலாம். கழித்தது போகக் கைக்கு வந்த சம்பளத்தில் 60 விழுக்காடு, குழந்தை இருந்தால் 67 விழுக்காடு. அது அரசு தரும் உதவித்தொகை அல்ல; மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த காப்பீடு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நிரந்தர உரிமைக்கான கணக்கு இன்று இப்படி இருக்கிறது. புளூ கார்டில் ஏ1 என்ற தொடக்க அளவு ஜெர்மன் தெரிந்தால் 27 மாதம், பி1 என்றால் 21 மாதம். 18பி அனுமதியில் மூன்று ஆண்டுகள். அதற்கு பி1 நிலை வேண்டும். இடைவெளி முன்பைவிடக் குறைந்திருந்தாலும் இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. முதுமையடைந்த பெற்றோரைப் பார்க்க நீண்ட காலம் ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கு வேறொரு வேறுபாடும் முக்கியம். சாதாரண அனுமதி, ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். புளூ கார்டுக்கும் அந்தக் குடும்பத்தினரின் அனுமதிக்கும் அந்தக் கெடு 12 மாதம்.

துணைவரின் உரிமையில் இரண்டு அனுமதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலுமே அவர் தடையின்றி எந்த வேலையும் செய்யலாம்.

என் தீர்ப்பு தெளிவானது. ஜெர்மனியில் புளூ கார்டுக்குத் தகுதி இருந்தும் 18பி அனுமதியில் போக எந்தக் காரணமும் இல்லை.

நெதர்லாந்து: இங்கே நிறுவனத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்

நெதர்லாந்தில் படம் தலைகீழ். அங்கே பெரும்பாலோர் வருவது புளூ கார்டில் அல்ல. 2004 முதல் இருந்துவரும் 'கென்னிஸ்மிக்ரான்ட்' என்ற தேசிய அனுமதியில். அறிவுசார் புலம்பெயர்வோர் என்று பொருள். இந்த முறையின் அடிப்படை எளிமையானது. அரசு முதலில் நிறுவனத்தைச் சோதித்து, நம்பகமானது என்று அங்கீகரிக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் 'இவர் எங்களுக்கு வேண்டும், இவ்வளவு சம்பளம் தருகிறோம்' என்று சொன்னால் குடிவரவுத் துறை பெரும்பாலும் இரண்டே வாரத்தில் முடிவெடுத்துவிடும். பட்டச் சான்று, நிகர்நிலைச் சான்று எதுவும் கேட்பதில்லை. சம்பளம் அரசு வைத்த வரம்பைத் தொடுகிறதா, சந்தை நிலவரத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

2025-ல் அந்த வரம்பு 30 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 5,688 யூரோ, 30-க்குக் கீழ் 4,171 யூரோ. எட்டு விழுக்காடு விடுமுறைப் படி இதில் சேராது. ஆண்டுக்குப் பெருக்கினால் 68,256 யூரோவும் 50,052 யூரோவும் வரும். ஜெர்மனியின் 48,300-உடன் வைத்துப் பாருங்கள். 35 வயதுக்காரருக்கு நெதர்லாந்தின் வாசல் ஏறக்குறைய இருபதாயிரம் யூரோ கூடுதல் உயரத்தில் இருக்கிறது. 28 வயதுக்காரருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆகவே இரு நாட்டிலும் வேலை தேடும் இளைஞர்கள் 30-ஆவது பிறந்தநாளுக்கு முன் நெதர்லாந்தைத் தீவிரமாக யோசிக்க வேண்டும். 29 வயதில் குறைந்த வரம்பில் நுழைந்தவர் அதே நிறுவனத்தில் இருக்கும் வரை 30 ஆனாலும் அந்தக் குறைந்த வரம்பே செல்லும். ஆனால் 31 வயதில் நிறுவனம் மாறினால் புதிய நிறுவனம் உயர்ந்த வரம்பைக் கொடுத்தாக வேண்டும். என் அளவுகோலில் இது பெரிய குறை. வேலை போகும் நாளில் சந்தை உங்களுக்குத் தரத் தயாராக இருக்கும் சம்பளம் சட்டம் கேட்கும் சம்பளத்துக்குக் கீழே இருக்கலாம்.

வேலை போனால் கென்னிஸ்மிக்ரான்டுக்கு மூன்று மாதத் தேடல் காலம் உண்டு. அட்டையின் காலம் அதற்குள் முடிந்தால் அதுவரை மட்டுமே. எத்தனை ஆண்டு இருந்தாலும் இதே மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்குள் கிடைக்கும் வேலையும் மற்றோர் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இருக்க வேண்டும். குடிவரவுத் துறை அந்த நிறுவனங்களின் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், ஐந்தோவன் போன்ற இடங்களில் பெரிய நிறுவனங்கள் அதில் இருக்கும். எட்டுப் பேர் வேலை பார்க்கும், உங்களுக்கு மிகப் பிடித்த அந்தச் சிறிய நிறுவனம் இருக்காமல் போகலாம்.

இங்கேதான் புளூ கார்டு நெதர்லாந்திலும் பொருள் பெறுகிறது. அதற்கு நிறுவனத்தின் அங்கீகாரம் கட்டாயமில்லை. ஆறு மாத ஒப்பந்தம் போதும். இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தால் தேடல் காலம் ஆறு மாதமாகும். விலை என்ன? சம்பள வரம்பில் வயதுச் சலுகை இல்லை; 28 வயதுக்காரரும் 30-ஐக் கடந்தவருக்கான வரம்பையே (2025-ல் 5,688 யூரோ) தொட வேண்டும். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு மட்டும் ஒரு குறைந்த வரம்பு இருக்கிறது; 2025-ல் அது 4,551 யூரோ. பட்டச் சான்றையும் மதிப்பிட வேண்டும். அங்கீகாரமில்லாத நிறுவனம் என்றால் முடிவுக்கு 90 நாள் வரை ஆகலாம்.

அப்படியானால் எதை எடுப்பது? 30 வயதுக்குக் கீழே உள்ளவர், பெரிய நிறுவனத்தில் சேருபவர், விரைவில் வேலையில் அமர வேண்டியவர் கென்னிஸ்மிக்ரான்டாக வரட்டும். அதில் தவறே இல்லை. 30-ஐக் கடந்து அந்த உயர்ந்த வரம்பைத் தாண்டிய சம்பளமும் பட்டமும் இருப்பவர் முதலிலேயே புளூ கார்டைக் கேட்க வேண்டும். அவருக்கு இரண்டின் வரம்பும் ஒன்றே; காத்திருப்பும் தாள்களும் கொஞ்சம் கூடும், பாதுகாப்பு அதைவிட அதிகம் கூடும். மனிதவளப் பிரிவு 'நாங்கள் எப்போதும் கென்னிஸ்மிக்ரான்ட்தான் எடுப்போம்' என்று சொல்லும். அது அவர்களுக்கு வசதி. உங்கள் ஆறு மாதத்தைப் பற்றி அவர்கள் நினைக்க வேண்டிய கட்டாயமில்லை.

தகுதிகாண் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அது ஆறு மாதம் வரை நீளும். அந்தக் காலத்தில் இரண்டு வார அறிவிப்பில் வேலை முடிந்துவிடலாம். நெதர்லாந்தில் நிரந்தர ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம்தான் உச்சம். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அறிவிப்புக் காலமே இல்லாமல் அனுப்பலாம். வீட்டு வாடகைக்கு மூன்று மாத முன்பணம் கட்டி, குடும்பத்தையும் உடனே அழைத்து வருபவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லையைக் கடக்கும்போது

புளூ கார்டின் மற்றொரு வலிமை ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. ஓர் உறுப்பு நாட்டில் 12 மாதம் இருந்த பிறகு, வேறோர் உறுப்பு நாட்டில் வேலை கிடைத்தால் புதிய விசா இல்லாமல் அங்கே போய், அங்கிருந்தே அந்நாட்டுப் புளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த நகர்வுக்கு ஆறு மாதம் போதும். இரண்டு நாட்டில் வாழ்ந்த காலத்தையும் கூட்டி ஐந்து ஆண்டு ஆனால், கடைசி நாட்டில் இரண்டு ஆண்டு இருந்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட உரிமை கேட்கலாம். கென்னிஸ்மிக்ரான்ட் அட்டையோ 18பி அட்டையோ இப்படி நகர்வதற்கான உரிமையைத் தருவதில்லை. ஆனால் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: இது ஐரோப்பா முழுவதும் வேலை செய்யும் அனுமதி அல்ல. போகும் நாட்டின் சம்பள வரம்பை நீங்கள் தொட வேண்டும். ஜெர்மனியில் 50,000 யூரோவுக்குப் புளூ கார்டு வாங்கியவர் அதே சம்பளத்தோடு நெதர்லாந்துக்குப் போக முடியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. வேறெங்கும் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படாததால் இங்கே விரித்துச் சொல்கிறேன். நெதர்லாந்து, வெளிநாட்டிலிருந்து வரும் திறனாளரின் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை ஐந்து ஆண்டுகளுக்கு வரியில்லாமல் தர அனுமதிக்கிறது. 2027 முதல் இது 27 விழுக்காடு. மாதச் சம்பளம் 6,000 யூரோ என்றால் 1,800 யூரோவுக்கு வரி இல்லை; குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றும் சலுகை. ஆனால் வேலையில் சேர்வதற்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதத்துக்கு மேல் டச்சு எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும். டுசல்டார்ஃபும் கொலோனும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. பெர்லினும் மியூனிக்கும் வெளியே. கொலோனில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் புளூ கார்டின் நகர்வு உரிமையில் ஆம்ஸ்டர்டாம் போகிறவர் இந்தச் சலுகையை முழுவதும் இழக்கிறார். அதே வேலையில் பெர்லினிலிருந்து போகிறவருக்குக் கிடைக்கிறது. 'முதலில் ஜெர்மனி, பிறகு நெதர்லாந்து' என்று மனத்தில் திட்டம் வைத்திருப்பவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தகுதி உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சேர்ந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பித்தால்தான் முதல் நாளிலிருந்தே சலுகை பொருந்தும்.

நிரந்தர உரிமையில் நெதர்லாந்து பின்தங்கியிருக்கிறது. எந்த அட்டையாக இருந்தாலும் ஐந்து ஆண்டு, அதோடு டச்சு மொழியும் அடங்கிய ஒருங்கிணைப்புத் தேர்வு. வரிச்சலுகை முடியும் ஆண்டும் இந்த ஐந்தாம் ஆண்டும் ஒன்றாக வந்து நிற்கும். ஐந்து ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே அலுவலகத்தை ஓட்டிவிட்டு அந்த ஆண்டில் டச்சு வகுப்பைத் தேடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

மற்ற நாடுகளை இதே தராசில்

ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள அழைப்போடு ஒப்பிடுபவர்களுக்காகச் சுருக்கமாகச் சில வரிகள்.

அமெரிக்காவின் எச்-1பி அனுமதியில் வேலை போனால் 60 நாள். துணைவர் வேலை செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. நாட்டுக்கு வெளியிலிருந்து புதிதாக வருபவர்களின் மனுக்களுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. சம்பளம் உலகிலேயே உயர்ந்ததாக இருக்கலாம். என் தராசில் அது மிக இலேசான அட்டை.

சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸ் நிறுவனத்தின் பெயரிலேயே நிற்கிறது. 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளி வேண்டும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட அதுவும் ஏறும். உடன் வரும் துணைவர் வேலை செய்யத் தனியாகப் பணி அனுமதி வாங்க வேண்டும். இருவரும் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இது கடினமான ஏற்பாடு.

ஜப்பானின் உயர்திறன் வல்லுநர் அனுமதி வேறு மாதிரி. கல்வி, அனுபவம், சம்பளம், வயது ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு 70 வந்தால் மூன்று ஆண்டில், 80 வந்தால் ஓராண்டிலேயே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் 21 மாதத்தைவிட வேகம். ஆனால் அந்த ஓராண்டில் நிறுவனம் மாறினால் அனுமதியையும் மாற்றியாக வேண்டும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி மட்டும் என் கேள்வியையே இல்லாமல் செய்துவிடுகிறது, ஏனென்றால் அது தருவது பணி அனுமதி அல்ல. முதல் நாளிலிருந்தே நிரந்தர வதிவிட உரிமை. அதன் சிக்கல் உள்ளே நுழைவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2025 மார்ச் முதல் வேலை அழைப்புக்கான கூடுதல் புள்ளிகளும் நீக்கப்பட்டுவிட்டதால், கையில் கடிதம் இருப்பது மட்டும் அங்கே முன்போல உதவாது.

இரண்டு கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்தால்

2025-ல் எனக்குத் தெரிந்த ஓர் இணையர் இதே கேள்வியோடு வந்தார்கள். மனைவிக்கு 33 வயது, தரவுப் பொறியாளர். மியூனிக்கிலிருந்து 64,000 யூரோவுக்கு ஓர் அழைப்பு, ஐந்தோவனிலிருந்து மாதம் 5,900 யூரோவுக்கு ஓர் அழைப்பு. கணவர் பள்ளி ஆசிரியர்; புதிய நாட்டில் தன் வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியவர். 30 விழுக்காடு சலுகையைச் சேர்த்தால் கையில் வரும் பணத்தில் ஐந்தோவன் தெளிவாக முன்னே நின்றது. மூன்று மாலைகள் உட்கார்ந்து பேசினோம்.

பணத்தை முதன்மையாக வைத்தால் ஐந்தோவன்தான் சரி என்று நானே சொன்னேன். ஐந்து ஆண்டில் சேர்த்துக்கொண்டு வேறெங்காவது போகும் எண்ணம் இருந்தால் தயங்காமல் அதை எடுக்கலாம். ஆனால் அவர்கள் தங்கிவிட விரும்பினார்கள். கணவர் ஆசிரியராக வேண்டுமென்றால் எப்படியும் அந்நாட்டு மொழியை ஆழமாகக் கற்க வேண்டும். ஆகவே மொழி அவர்களுக்குச் சுமையாக இல்லாமல், ஏற்கெனவே போட்டுவிட்ட திட்டமாக இருந்தது. அந்த உழைப்பை ஜெர்மனி 21 மாதத்தில் நிரந்தர உரிமையாகத் திருப்பித் தருகிறது. நெதர்லாந்து ஐந்தாம் ஆண்டில்தான் தருகிறது. 5,900 யூரோ என்பது 5,688-க்கு மேலே இருநூறு யூரோ மட்டுமே. 2024-ல் அந்த வரம்பு 5,331 யூரோவாக இருந்தது. ஓராண்டில் முந்நூற்றைம்பது யூரோ ஏறும் ஒரு வரம்புக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு மனைவி வேலை மாற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்களை நிறுத்தியது. மியூனிக்கில் 64,000 யூரோ, பற்றாக்குறைத் துறைக்கான வரம்புக்கு இருபதாயிரம் யூரோ மேலே இருந்தது. வாடகை அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த நகரத்தில் வீடு தேடுவது எளிதல்ல.

அவர்கள் மியூனிக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். அதில் மூன்றே வாக்கியம்: 'எனக்கு 18ஜி பிரிவின்கீழ் புளூ கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுகிறேன். என் பட்டத்தின் அனாபின் பதிவை இணைத்துள்ளேன். வேறு அனுமதிக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால் முன்கூட்டியே எனக்குத் தெரிவிக்கவும்.' மறுநாளே பதில் வந்தது. அவர்கள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தது 18பி படிவம். மாற்றிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.